‘சாமிக்குன்னு’ எடுத்து வைத்ததை இங்கிலீஷில் என்னவென்று எழுதுவது?

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தே ஓ கலக்கி வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் கோயில் அறிவிப்புகளை இரண்டு மொழியில் எழுதுகிற வேலை எங்களைப் போன்ற தொண்டூழியர்கள் தலையில்தான் விழும். தமிழ் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கிலீஷ்தான் இரண்டு நாள் இழுக்கும். வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாக்குவாதம். தமிழில் நாம் ரொம்ப சாதாரணமாகச் சொல்கிற ‘சாமிக்குன்னு எடுத்து வெச்சது’ என்பதற்கு இங்கிலீஷில் எந்தச் சொல் போடுவது?

ஒருவர் ‘ரிசர்வ்’ என்பார். இன்னொருவர் ‘டெடிகேட்’ போட்டால்தான் மரியாதை என்பார். ஆபீஸில் வேலை பார்க்கிற தம்பி ‘அலோகேட்’ என்பார். கணக்கு பார்க்கிற அண்ணன் ‘இயர்மார்க்’ என்று ஒரே பிடியாக நிற்பார். கடைசியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் களைத்துப்போய், எல்லா இடத்திலும் ‘டொனேட்’ என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவோம்.

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் கருத்து, இது பெரிய விஷயம்தான். இங்கிலீஷ் இலக்கணம் பற்றிய கவலை எங்களுக்கு இல்லை. பக்தர் எந்த மனசோடு ஒன்றைக் கொடுக்கிறார், கோயில் எந்த வாக்கோடு அதை வாங்கிக்கொள்கிறது என்பதுதான் கவலை. ரசீதில் இருக்கிற அந்த ஒரு வினைச்சொல்தான் அந்த வாக்கு.

இங்கிலீஷ் அறிவிப்பை யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ்ப் பலகையைத் தாண்டி நேரே இங்கிலீஷ் பலகைக்குப் போகிறார்கள். தெலுங்கர்கள், மலையாளிகள், வட இந்தியர்கள் என்று எல்லா மொழிக்காரர்களும் நம் கோயில்களுக்கு வருகிறார்கள். வாட்டர்லூ ஸ்திரீட் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலில் சீனப் பக்தர்கள் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கெல்லாம் கோயில் சொல்கிற வார்த்தை இங்கிலீஷ் வார்த்தைதான். அதில் நாம் குழப்பினால், அவர்கள் மனசிலும் குழப்பம்தான் தங்கும்.

திரும்ப எடுக்க யாரைக் கேட்கணும்?

இந்தச் சொற்களுக்கு எல்லாம் அகராதியில் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம் போட்டிருக்கும்: ஒரு காரியத்துக்காகத் தனியே வைத்தல். அகராதியை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நாங்கள் ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறோம். ஒரு பொருளைத் தனியே எடுத்து வைத்த பிறகு, அதை வேறு காரியத்துக்குத் திருப்ப நினைத்தால், யாரிடம் அனுமதி கேட்கணும்? அந்தக் கேள்வியைக் கேட்டால் எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பது தானாக விளங்கிவிடும்.

அடிமட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிக்கிறோமே, ச்சோப், அதுதான் முதல் படி. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம், எந்தச் சட்டமும் இல்லை. அன்னதானக் கூடத்தில் கைப்பையை வைத்து ஐந்து நாற்காலி பிடிப்பதும் இதுதான். அது நேர்த்தியும் கிடையாது, உரிமையும் கிடையாது. வயசானவர் நின்றுகொண்டிருந்தால் பையை எடுத்துவிட்டு இடம் கொடுக்கணும், அவ்வளவுதான்.

அடுத்தது ரிசர்வ். ‘பின்னுக்குப் பிடித்து வைத்தல்’ என்பது அதன் மூலப்பொருள். உபயகாரர் குடும்பத்துக்கு முன்வரிசை என்று அட்டை வைக்கிறோம். ஏழு மணி வரை யாரும் வரவில்லை என்றால் அட்டையை எடுத்துவிடலாம். நேரம் தாண்டினால் ரிசர்வ் போச்சு. இந்தச் சொல்லை நாற்காலிக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அபிஷேகப் பாலுக்கு வைக்கக் கூடாது.

மூன்றாவது அலோகேட். ‘இடம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுத்தல். நம் ஒதுக்கீடு இதற்குச் சரியான தமிழ். பூவுக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, நாதஸ்வரத்துக்கு இவ்வளவு என்று நிர்வாகக் கூட்டத்தில் பிரிப்பது அலோகேட். மாற்றணும் என்றால் அதே கூட்டம் மறுபடி கூடித் தீர்மானம் போட்டால் போதும். வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழில் ‘ஒதுக்கி வைத்தல்’ என்றால் ஒரு ஆளைத் தள்ளி வைப்பதும் வரும். இங்கிலீஷ் ‘செட் அசைட்’ என்பதற்கும் அதே இரட்டைக் குணம் உண்டு. கோர்ட் ஒரு தீர்ப்பை ‘செட் அசைட்’ செய்தது என்றால், அந்தத் தீர்ப்பு ரத்து என்று அர்த்தம். அதனால் புனிதமான விஷயங்களுக்கு இந்த இரண்டு சொல்லையும் தவிர்ப்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

நான்காவதுதான் நம் கணக்கர் அண்ணன் பிடிவாதமாகச் சொன்ன இயர்மார்க். ஆடு மாடு வளர்த்தவர்கள் இது யாருடையது என்று தெரிவதற்காகக் காது நுனியில் வெட்டுப் போட்டு அடையாளம் வைத்தார்கள். மந்தையோடு மந்தையாக மேய்ந்தாலும் காதைப் பார்த்தால் தெரிந்துவிடும். பணத்துக்கும் அப்படித்தான். வங்கிக் கணக்கில் எல்லாப் பணமும் ஒரே குவியல்தான். ஆனால் அன்னதானத்துக்கென்று வந்த 200 வெள்ளிக்குக் காதில் அடையாளம் இருக்கிறது. அதை வேறு வேலைக்கு எடுக்க நிர்வாகக் கூட்டம் மட்டும் போதாது, கொடுத்தவரைக் கேட்கணும்.

அலோகேட்டுக்கும் இயர்மார்க்குக்கும் உள்ள தூரம் இதுதான். முதலாவது நம் பணத்தை நாமே பிரிப்பது. இரண்டாவது, அடுத்தவர் குறி போட்டுக் கொடுத்ததை நாம் மேய்ப்பது.

ஐந்தாவது டிவோட். லத்தீனில் இதற்கு அடியில் இருப்பது நேர்த்திக்கடன் என்ற பொருள் தரும் சொல். டிவோட்டீ என்று நம்மை இங்கிலீஷில் கூப்பிடுகிறார்களே, அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘நேர்ந்துகொண்டவர்’ என்றுதான் வரும். ஆச்சரியம் என்னவென்றால், ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் கை தூக்கிப் போடுகிறோமே ‘வோட்’, அதுவும் இதே வேர்தான். வோட் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது!

நேர்ந்ததை மாற்ற யாரைக் கேட்கணும்? தைப்பூசத்துக்கு மூன்று வருஷம் காவடி எடுப்பதாக ஒருவர் நேர்ந்துகொள்கிறார். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை இரண்டு வருஷம் நடந்துவிட்டார். மூன்றாவது வருஷம் முழங்காலில் ஆபரேஷன். “அதுக்குப் பதிலா காசு கட்டலாமா?” என்று கவுண்டரில் கேட்பவர்கள் உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அதற்குப் பதில் சொல்கிற அதிகாரம் கிடையாது. நிர்வாகத்துக்கும் கிடையாது. குருக்கள் ஐயா வழி சொல்லலாம். முடிவு அவருக்கும் முருகனுக்கும் நடுவில்தான். டிவோட் என்பதைத் ‘தொண்டு நேரம்’ ‘ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்’ என்று சும்மா போடும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கனம் இருக்கிறது என்று தெரிந்து போடணும்.

ஆறாவது டெடிகேட். இதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்த சொல், ரொம்பத் தேய்ந்துபோன சொல்லும் இதுதான். வானொலியில் ‘இந்தப் பாட்டை எங்க அம்மாவுக்கு டெடிகேட் பண்றோம்’ என்கிறோம். ‘டெடிகேட்டட் கவுண்டர்’ என்று பலகை வைத்தால், அர்ச்சனைச் சீட்டுக்கு மட்டும் என்ற அளவுக்குத்தான் அர்த்தம். ஆனால் அதன் பழைய பொருள் ‘சொல்லி அறிவித்தல்’. ஊர் அறியச் சொல்லிக் கொடுப்பது. ‘சொல்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது.

இங்கேதான் நம் பாட்டிமார் பேச்சு ஞாபகத்துக்கு வருகிறது. ‘சாமிக்குன்னு எடுத்து வெச்சது.’ அந்தக் ‘குன்னு’வைப் பிரித்தால் ‘கு’ ஒன்று, ‘என்று’ ஒன்று. சாமிக்கு என்று. ‘என்று’ என்றால் ‘என்று சொல்லி’ என்பதுதானே? ஒரு குடம் பாலையோ ஒரு சீப்பு பழத்தையோ நாம் வேறொன்றாக மாற்றுவது ஒரு சொல்லால்தான். சாமிக்குன்னு சொல்லியாச்சு, இனி அது வேற. பிள்ளை பழத்துக்குக் கை நீட்டினால், “சாமிக்குன்னு வெச்சது, தொடாதே” என்று அம்மா சொல்வார். பழம் அதே பழம். சொல்தான் அதைத் தனியாக்கியது. லத்தீன்காரர்களும் நம் வீட்டுப் பாட்டியும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அதனால் டெடிகேட் செய்ததை மாற்றணும் என்றால், கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் பதில் சொல்லணும். ஒரு மண்டபத்தையோ மணியையோ ஒருவர் நினைவாக என்று கல்வெட்டுப் பதித்து, சபையில் சொல்லி வைத்தோம் என்றால், பத்து வருஷம் கழித்து அந்தக் கல்லை எடுத்துவிட்டு வேறு பெயர் போடுவது நியாயமில்லை.

கடைசிப் படி கான்சிக்ரேட். புனிதமாக்குதல். நம் கும்பாபிஷேகத்துக்கு இங்கிலீஷில் இந்தச் சொல்தான் நிலைத்துவிட்டது. சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரியில் கும்பாபிஷேகம் நடந்தபோது எல்லாச் செய்தியிலும் இந்தச் சொல்லைத்தான் பார்த்தோம். இதை மாற்ற யாரைக் கேட்கணும்? கூட்டத் தீர்மானம் போதாது, கொடுத்தவர் சம்மதமும் போதாது. அதற்கும் ஒரு கிரியை வேண்டும். திருப்பணி ஆரம்பிக்கும் முன் பாலாலயம் செய்கிறோம் இல்லையா? மூலமூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கோ மரப்பலகைக்கோ எழுந்தருளச் செய்த பிறகுதான் விமானத்தில் உளி படலாம், வர்ணம் அடிக்கலாம். வேலை முடிந்ததும் மறுபடி யாகசாலை, மறுபடி கும்பாபிஷேகம். கான்ட்ராக்டர் தயாராக இருக்கிறார், கிரேன் வந்துவிட்டது என்பதற்காகப் பாலாலயத்தைத் தாண்டிப் போக முடியுமா? முடியாது. கான்சிக்ரேட் என்ற சொல்லின் கனம் அதுதான்.

அதனால்தான் புதிதாக வாங்கிய ஸ்பீக்கருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போட்டதை ‘கான்சிக்ரேட்’ என்று எழுதாதீர்கள் என்கிறோம். அது ‘பிளெஸ்’. ஸ்பீக்கர் கெட்டுப்போனால் தூக்கிப் போடுவோம். அதற்குப் பாலாலயம் செய்ய மாட்டோம்.

டொனேட் ஏன் எல்லாவற்றுக்கும் பொருந்தாது

டொனேட் நல்ல சொல்தான், அதைக் குறை சொல்லவில்லை. லத்தீனின் ‘டோனும்’, நம் ‘தானம்’, இரண்டும் ஒரே பழைய வேரில் கிளைத்த சொந்தக்காரர்கள். தானம் என்றால் கொடுத்துவிட்டுக் கையை விட்டுவிடுவது. பொது நிதிக்கு அந்தச் சொல் மிகச் சரி.

ஆனால் புடவையைப் பாருங்கள். அம்மனுக்கு ஒருவர் பட்டுப் புடவை கொண்டுவருகிறார். தமிழில் அது சாத்துதல். அம்பாளுக்குச் சாத்தி, பிறகு அது பிரசாதமாகிறது. பிரசாதப் புடவையை ஏலத்தில் விட்டு, அந்தப் பணத்தைக் கோயிலில் சேர்ப்பது நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் வழக்கம். அம்பாள் மேல் இருந்த புடவை என்று ஆசையாக வாங்கிக்கொண்டு போவார்கள். தமிழ் தெரிந்த அம்மாமார்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை.

ஆனால் இங்கிலீஷ் பலகையில் ‘டொனேட் எ ஸாரி’ என்று எழுதி வைத்திருந்தால்? கொடுத்த பெண் அடுத்த மாதம் வந்து பார்க்கிறார். தான் கொடுத்த புடவை ஏல மேசையில். “நான் டொனேட் பண்ணதை எப்படி விக்கிறீங்க?” என்று கேட்கிறார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஒரு வீட்டுக்குத் தானமாகக் கொடுத்த பொருளை அவர்கள் விற்றால் நமக்கும் கோபம் வரும்தானே. ‘ஆஃபர்’ என்று எழுதி, ‘பிரசாதம்’ என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்து, ஏலப் பணம் எதற்குப் போகும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த மனக்கசப்பு வந்திருக்காது.

நம் வழிபாட்டில் உள்ள அழகே அதுதான். சாமிக்குன்னு எடுத்து வைத்தது சாமியிடமே தங்கிவிடுவதில்லை. பிரசாதமாக நம்மிடம் திரும்பி வருகிறது. இங்கிலீஷில் எடுத்து வைப்பதற்கு இத்தனை சொல் இருந்தும், இந்தத் திரும்பி வருதலுக்கு ஒரு வினைச்சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் பிரசாதம் பிரசாதமாகவே இருக்கட்டும்.

இன்னொன்று உபயம். இதற்கு எல்லாரும் ‘ஸ்பான்ஸர்’ என்று போடுகிறோம். கேட்டால் பந்து விளையாட்டு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் வேருக்கு ‘உறுதி கூறுதல்’ என்று அர்த்தம். அந்த அளவில் தப்பில்லை. ஆனாலும் ‘உபயம்’ என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போடுவது எங்களுக்கு இன்னும் பிடிக்கிறது. நம் பிள்ளைகள் அந்தச் சொல்லையும் கற்றுக்கொள்ளட்டும்.

ஒரு ரசீதால் வந்த வருத்தம்

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு கோயில். பெயர் வேண்டாம். வயதான ஓர் அம்மா, துப்புரவு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து, அன்னதான அரிசிக்கு என்று கொடுத்தார். கவுண்டரில் ரசீது கொடுத்தார்கள். அதில் இருந்தது ‘டொனேஷன்’ என்ற ஒரு சொல் மட்டும். அந்த மாதம் ஏர்கான் பழுது. பணம் அதற்குப் போய்விட்டது. யாரும் திருடவில்லை, காசு கோயிலுக்குத்தான் செலவானது. ஆனால் அந்த அம்மா கேட்டபோது, ரசீதைக் காட்டி, “இதுல அரிசின்னு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார்கள்.

அந்த அம்மா சொன்னது: “ரசீதுல இல்ல தம்பி. நான் சொல்லித்தானே குடுத்தேன். வர்றவங்க பசியாறணும்னு சொல்லித்தானே குடுத்தேன்.”

அதற்குப் பிறகு அவர் அந்தக் கோயிலுக்குப் போவதில்லை. அவர் முடிந்து வைத்த காசு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தின் முன் வைப்பார்கள். மாதக் கடைசியில் பஸ் காசுக்கே தட்டுப்பாடு என்றாலும் அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள். அது ஒரே நேரத்தில் நேர்த்தியும் ஆச்சு, காதில் அடையாளமும் ஆச்சு. அந்த முடிச்சை ஒரு சொல்லால் கவுண்டரில் அவிழ்த்துவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

சாகாத ஆடுகள்

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்று பாருங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற கணக்கு ஒன்று உண்டு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு. அந்த ஆடுகளை மேய்ப்பவர் ஏற்றுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடுகள்! ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். ஆனால் குட்டிகளை வைத்து எண்ணிக்கையை நிரப்பி, 96 குறையாமல் பார்த்துக்கொள்வது பொறுப்பேற்றவர் கடமை.

இங்கிலீஷில் ‘எண்டௌ’ என்கிறார்களே, எண்டௌமெண்ட், அது இதேதான். முதல் அப்படியே இருக்கணும், பலனை மட்டும் செலவு செய்யணும். அந்தச் சொல்லின் வேர் சீதனம் என்ற பொருளுடையது. பெண்ணுக்குச் சீதனம் கொடுத்து அனுப்புவது போல, கோயிலுக்கு ஒரு சொத்தைக் கொடுத்து நிலைநிறுத்துவது. நிலத்துக்கும் அப்படித்தான். சிவன் கோயில் நிலத்துக்கு எல்லையில் சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்குத் திருவாழிக்கல். ஆட்டுக்குக் காதில் போட்ட குறி, நிலத்துக்குக் கல்லில். நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று பிரித்து வைத்ததும் இதே வழிதான். டேங்க் ரோட்டில் 1859ல் கோயில் எழுப்பியவர்கள் அவர்கள்.

நம் நாட்டிலும் இந்தச் சொல் சட்டத்தில் ஏறி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் ஒரே ஆட்சியில் இருந்த காலத்தில், 1905ல், இஸ்லாமிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அறத்துக்கென்று விட்ட சொத்துகள் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்ற கவலைதான் அதற்குக் காரணம். பிறகு 1968ல் இங்கே இந்து அறக்கட்டளை வாரியம் அமைந்தது. ‘அறக்கட்டளை’ என்ற சொல்லையே கவனியுங்கள். கொடுத்தவர் இட்ட கட்டளை. அவர் போன பிறகும் அந்தக் கட்டளை நிற்கிறது.

இன்றைக்கும் சிங்கப்பூரில் அறநிறுவனக் கணக்கு எழுதும்போது குறிப்பிட்ட காரியத்துக்கென்று வந்த நிதியையும் பொது நிதியையும் பிரித்துத்தான் காட்டணும். கணக்காளர் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று அது. ஆக, நம் பாட்டியின் மஞ்சள் முடிச்சுக்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருக்கிறது. நாம்தான் ரசீதில் அதற்கு இடம் விடுவதில்லை.

மறுபக்கமும் உண்டு

நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொல்கிற நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாப் பணத்துக்கும் காதில் குறி போட்டுவிட்டால் கோயில் நடக்காது. ராஜகோபுரத்துக்கு என்றால் பணம் கொட்டும். தங்கக் கவசத்துக்கு என்றால் வரிசை நிற்கும். கழிவறை கழுவுகிற மருந்துக்கு உபயகாரர் யாராவது வந்ததுண்டா? மின்சாரக் கட்டணத்துக்குத் தன் பெயரில் உபயம் எழுதச் சொன்னவர் உண்டா? சமையல்கட்டு எண்ணெய்ப் பொறியைச் சுத்தம் பண்ண யாரும் நேர்ந்துகொள்வதில்லை. ஆனால் இதெல்லாம் இல்லாமல் ஒரு நாள் கோயில் திறந்திருக்க முடியாது.

அதனால் பொது நிதிக்குக் கொடுப்பதை ஒரு படி குறைவாக நினைக்காதீர்கள். ‘எதுக்கு வேணுமோ அதுக்கு எடுத்துக்குங்க’ என்று சொல்லிக் கொடுப்பது சுத்தமான தானம். அதுவும் சொல்லித்தான் கொடுக்கணும். சொல்லாமல் கொடுத்தால் அது எது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் சண்டை பொது நிதியோடு இல்லை. குறித்துக் கொடுத்ததையும் குறிக்காமல் கொடுத்ததையும் ஒரே சொல்லில் போட்டுக் கலக்குவதோடுதான்.

நாங்கள் கேட்பது

கோயில் நிர்வாகங்களுக்கு: ரசீதில் ‘எதற்காக’ என்று ஒரு வரி விடுங்கள். இரண்டு மொழியிலும். ஒரு நிதியைத் திரட்டும்போதே, தேவைக்கு மேல் சேர்ந்தால் மிச்சம் எதற்குப் போகும் என்று அறிவிப்பில் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி பல மனக்கசப்புகளைத் தடுக்கும். பிறகு மாற்றத்தான் வேண்டும் என்றால், கொடுத்தவருக்கு ஒரு போன் போடுங்கள். “அம்மா, அரிசிக்குன்னு கொடுத்தீங்க. இப்போ அரிசி நிறைய வந்திருச்சு, பருப்புக்கு எடுத்துக்கலாமா?” என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்கிற அம்மாவை நாங்கள் பார்த்ததில்லை. கேட்காமல் எடுத்தால்தான் வலி.

பக்தர்களுக்கு: சொல்லிக் கொடுங்கள். பேநவில் அனுப்பும்போது குறிப்பு எழுதுகிற இடத்தைச் சும்மா விடாதீர்கள். ‘அன்னதானம்’ ‘பால்குடம்’ ‘திருப்பணி’ ‘பொது’, ஒரு சொல் போதும். இன்றைக்கு ஆட்டுக் காதில் வெட்டுகிற இடம் அதுதான்.

எங்களைப் போல அறிவிப்பு எழுதுகிற தொண்டூழியர்களுக்கு: நாற்காலிக்கு ரிசர்வ். நிர்வாகம் பிரிக்கிற பட்ஜெட்டுக்கு அலோகேட். கொடுத்தவர் குறித்த பணத்துக்கு இயர்மார்க். முதல் குறையாமல் வைக்கிற நிதிக்கு எண்டௌ. பொது நிதிக்கு டொனேட். சாமிக்குச் சாத்துவதற்கும் படைப்பதற்கும் ஆஃபர். சபையில் சொல்லி வைப்பதற்கு டெடிகேட். யாகசாலையும் கும்பமும் இருந்தால் மட்டும் கான்சிக்ரேட். நேர்த்தி, உபயம், பிரசாதம், பாலாலயம் ஆகிய நான்கையும் மொழிபெயர்க்கவே வேண்டாம். அப்படியே எழுதி, ஒரு வரி விளக்கம் போடுங்கள்.

வீட்டில் இருக்கிற பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளைக்கு இங்கிலீஷில் விளக்கும்போது ‘கிவ் டு காட்’ என்று முடித்துவிடாதீர்கள். ‘சாமிக்குன்னு’ என்று சொல்லிக் கொடுங்கள். அந்த ‘குன்னு’ நாக்கில் நின்றால், ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றக் கூடாது என்பதும் மனசில் நிற்கும். நாளைக்கு அந்தப் பிள்ளைதான் கோயில் நிர்வாகத்தில் உட்காரப் போகிறது.

உங்கள் கருத்துகளைக் கீழே எழுதுங்கள். உங்கள் கோயிலில் வேறு நல்ல சொல் புழக்கத்தில் இருந்தால் அவசியம் சொல்லுங்கள், அடுத்த அறிவிப்பிலேயே சேர்த்துக்கொள்கிறோம். இந்தப் பதிவு யாரையும் புண்படுத்த எழுதியது இல்லை.

ஓம் சக்தி. 🙏